வயது போன அம்மா அப்பாவை வன்னியிலிருந்து சொகுசுக் கப்பலுக்குக் கூட்டிக்கொண்டு போக: விசா, அறை, மருந்து, இறங்குதுறை

கரைதுறை:
அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வருத்தம், படி ஏறுவது கஷ்டம். அப்பாவுக்கு 73, இன்சுலின் போடுகிறவர். இரண்டு பேரும் முல்லைத்தீவில். தங்கச்சி கனடாவிலிருந்து வருகிறாள். எல்லாரும் சிங்கப்பூரில் சந்தித்து, அங்கிருந்து வெளிக்கிடுகிற ஐந்து இரவுக் கப்பலில் பினாங், புக்கெட், போர்ட் கிளாங் போய்த் திரும்புகிற திட்டம். இன்னும் காசு கட்டவில்லை. கட்டுவதற்கு முதல் என்னென்ன பார்க்க வேணும்? அடிக்கடி கப்பலில் போகிற ஆக்கள் விவரமாகச் சொல்லுங்கோ.

குருமன்காடு:
தம்பி, கப்பலைப் பார்க்க முதல் பாஸ்போர்ட்டைப் பாருங்கோ. முன்பதிவு செய்யப்போவது தங்கச்சி என்றால் இதை அவவுக்கும் காட்டுங்கோ. கனடாப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியா விசா கேட்பதில்லை, அதனால் அந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவைக்கு இந்தச் சிக்கலே கண்ணில் படாது. இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவையில்லை. மலேசியாவுக்கு மின்விசா எடுக்க வேணும். "நாங்கள் கரையில் இறங்கமாட்டோம், கப்பலிலேயே இருப்போம்" என்று சொன்னாலும் விசா இல்லாதவரைக் கப்பல் கம்பனி ஏற்றாது. ஏற்றாமல் விட்டால் கட்டிய காசும் திரும்பி வராது.

துறைகளின் ஒழுங்கையும் கவனியுங்கோ. நீங்கள் எழுதியபடி பினாங், பிறகு புக்கெட், பிறகு போர்ட் கிளாங் என்றால் மலேசியாவுக்குள் இரண்டு தரம் நுழைகிறீர்கள், நடுவில் தாய்லாந்து. ஒருமுறை நுழைவு விசா பினாங்கோடு முடிந்துவிடும். பலமுறை நுழைவு விசா எடுக்கலாமா என்று பாருங்கோ, இல்லையென்றால் மலேசியத் துறைகள் அடுத்தடுத்து வருகிற வேறு கப்பலைத் தெரிவு செய்யுங்கோ. தாய்லாந்து விதி அடிக்கடி மாறுகிறது. காசு கட்டுகிற அன்றும், வெளிக்கிட ஒரு மாதம் இருக்கும்போதும் தூதரகப் பக்கத்தில் இரண்டு தரம் பாருங்கோ.

பாஸ்போர்ட் பயணம் முடிகிற நாளிலிருந்து ஆறு மாதம் செல்லுபடியாக இருக்க வேணும். புதுப்பிக்க வவுனியாப் பிராந்திய அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்குப் போகத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் துலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கிற வேலையை முதலே தொடங்குங்கோ, மற்ற எல்லாவற்றையும்விட நாள் பிடிக்கிற வேலை அதுதான்.

பெயரில்தான் எங்கட ஆக்களுக்குக் கனக்கப் பிழை வருகிறது. வீட்டில் கூப்பிடுகிற பெயர் ஒன்று, அடையாள அட்டையில் முதலெழுத்தோடு ஒன்று, பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயரை விரித்து எழுதி இன்னொன்று. விமானச் சீட்டு, கப்பல் பதிவு, மின்விசா மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து எழுத்தாகவே வர வேணும். தங்கச்சிக்கு வாயால் சொல்லாமல் பாஸ்போர்ட் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புங்கோ.

சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்புவதற்குக் காசு இல்லை. காசு கேட்கிற பக்கம் எல்லாம் போலி. வருகிற நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேணும், கப்பலில் திரும்பி வரும்போது இன்னொரு தரமும் நிரப்ப வேணும். இந்த இரண்டாம் தரத்தைத்தான் கனபேர் விட்டுவிடுகிறார்கள்.

பாலியாறு:
குருமன்காடு அண்ணை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கப்பல் வெளிக்கிடுகிற நாள் காலை சிங்கப்பூரில் இறங்குகிற விமானத்தை எடுக்காதீர்கள். முல்லைத்தீவிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஆறு ஏழு மணித்தியாலம் வாகனத்தில், பிறகு விமான நிலையக் காத்திருப்பு, பிறகு நாலு மணித்தியால இரவுப் பறப்பு. கால் வீங்கிய நிலையில் வயது போனவர்கள் கப்பல் வரிசையில் நிற்க ஏலாது. முதல் நாளே வந்து ஓர் இரவு தங்குங்கோ. விமானம் பிந்தினாலும் கப்பலைத் தவறவிடமாட்டீர்கள்.

சிங்கப்பூரில் இரண்டு முனையம் இருக்கிறது. ஒன்று மரினா பே, மற்றது ஹார்பர்ஃபிரன்ட். டாக்ஸிக்காரரிடம் "குரூஸ் சென்டர்" என்று மட்டும் சொன்னால் மாறிப் போய் இறங்க இடமுண்டு. சீட்டில் உள்ள முனையப் பெயரை முழுதாகக் காட்டுங்கோ.

இனி அறை. உங்கள் அம்மாவின் முழங்காலுக்குக் கப்பலின் பெயரைவிட அறை இருக்கிற இடம்தான் முக்கியம். நீளவாக்கில் நடுப்பகுதி, உயரவாக்கில் கீழ்த்தளங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. அணியப் பக்கத்து (கப்பலின் முன்முனை) அறை அலையில் மேலும் கீழும் போகும், நங்கூரச் சங்கிலிச் சத்தமும் விடியப்புறம் கேட்கும். பின்பக்கம் எஞ்சின் அதிர்வு. மலிவு என்று "அறையைக் கம்பனியே தெரிவு செய்யும்" வகையை எடுத்தால் இந்த மூலைகளில்தான் கொண்டுபோய் விடுவார்கள்.

தள வரைபடத்தை இறக்கி, தெரிவு செய்கிற அறைக்கு மேலே என்ன, கீழே என்ன என்று பாருங்கோ. மேலும் கீழும் அறைகளாகவே இருந்தால் நல்லது. மேலே நீச்சல் தளம் என்றால் விடியக் கதிரை இழுக்கிற சத்தம், கீழே அரங்கு என்றால் நடுச்சாமம் வரை பாட்டு. லிஃப்டுக்கு ஆறேழு அறை தள்ளி இருந்தால் நடையும் குறைவு, சத்தமும் குறைவு. சில கப்பல் 300 மீற்றருக்கு மேல் நீளம். மூலை அறையிலிருந்து சாப்பாட்டுக்குப் போய்வருவதே முழங்காலுக்குத் தண்டனை.

குளியலறை வாசலில் ஒரு திட்டு இருக்கும். தண்ணி வெளியே வராமல் தடுக்க வைத்தது. இரவில் எழும்பிப் போகிறவர்கள் விழுகிற இடம் அதுதான். உள்பக்க அறை என்றால் விளக்கை அணைத்ததும் கும்மிருட்டு, பகலா இரவா என்று தெரியாது. பற்றரியில் எரிகிற சின்ன விளக்கு ஒன்றை அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் வையுங்கோ. அறைச் சுவர் இரும்பு, காந்தக் கொளுக்கி நாலு கொண்டுபோனால் துவாய், பை, தொப்பி எல்லாம் தொங்கவிடலாம்.

திட்டே இல்லாத அறையும் இருக்கிறது, மாற்றுத்திறனாளர் அறை. கதவு அகலம், குளிக்கிற இடத்தில் இருக்கை, பிடிக்கக் கம்பி. ஒரு கப்பலில் கொஞ்சமே இருக்கும், தேவையை எழுத்தில் கொடுக்கக் கேட்பார்கள். அம்மாவுக்கு அது கிடைக்குமானால் வேறு எதையும் யோசிக்காமல் எடுங்கோ.

நெடுங்கேணி:
அறை விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. காசு கொஞ்சம் கூடினாலும் பால்கனி அறை எடுக்க வேணும். வயது போனவர்கள் நாள் முழுக்க மேல்தளத்தில் நிற்கமாட்டார்கள், கூட்டம் பிடிக்காது. அறையிலேயே கதிரை போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கலாம். தலை சுற்றினாலும் வெளியே பார்த்தால் குறையும்.

பாலியாறு:
நெடுங்கேணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பால்கனி அறைகள் பெரும்பாலும் உயரத் தளங்களில், ஆட்டம் அங்கே கூட. கதவுக்கும் ஒரு திட்டு உண்டு. கதவைத் திறந்து வைத்தால் பல கப்பலில் ஏசி தானாக நின்றுவிடும், நிலமெல்லாம் ஈரம் பிடித்து வழுக்கும். ஐந்து இரவில் மூன்று பகல் துறையில் நிற்கிற பயணத்துக்குக் கீழ்த்தளத்தில் நடுப்பகுதி யன்னல் அறை போதும். மிஞ்சுகிற காசை மருத்துவக் காப்புறுதிக்குப் போடுங்கோ. ஏழு, பத்து இரவு, கடலில் முழு நாட்கள் என்றால் பால்கனிக்கு நானும் ஆதரவு.

வெண்தாமரை:
மருந்துப் பகுதியை நான் எழுதுகிறேன். அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் குளிசையைச் சின்னக் கடதாசிப் பையில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று கையால் எழுதித் தருவார்கள். வெளிநாட்டுச் சுங்கத்தில் அதை வைத்து எதையும் நிரூபிக்க ஏலாது, கப்பல் வைத்தியருக்கும் அது என்ன மருந்து என்று விளங்காது. வெளிக்கிட முதல் வருகிற கிளினிக் நாளில், நோயின் பெயர், ஒவ்வொரு மருந்தின் பொதுப்பெயர், மில்லிகிராம் அளவு, ஒவ்வாமை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் ஒன்றை வைத்தியரிடம் கேளுங்கோ. கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கங்களைத் தொலைபேசியில் படம் பிடியுங்கோ. நித்திரைக் குளிசை, கோடீன் அல்லது ட்ரமடோல் உள்ள நோவுக் குளிசை என்றால் சிங்கப்பூர் சுகாதார விஞ்ஞான ஆணையத்தின் பக்கத்தில் முன் அனுமதி தேவையா என்று பாருங்கோ.

பயண நாட்களுக்கு வேண்டியதோடு இன்னும் ஒரு கிழமைக்கு உரிய மருந்தும் கூடவே கொண்டுபோங்கோ. எல்லாம் கைப்பையில். பெரிய பெட்டியைக் கப்பல் வாசலில் வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வந்து சேரப் பின்னேரம், சிலவேளை இரவாகும். மத்தியானக் குளிசையும் இன்சுலினும் அந்தப் பெட்டிக்குள்ளே அகப்பட்டிருந்தால் பெரிய கரைச்சல்.

இன்சுலின்: திறக்காதது 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேணும். விமானத்தின் சாமான் அறையில் போட்டால் உறைந்து பழுதாகும், அதனால் கண்டிப்பாகக் கைப்பை. குளிர்ப் பெட்டியில் ஐஸ் பொதி நேரே முட்டாமல் துணியால் சுற்றுங்கோ. பாவிக்கத் தொடங்கியது, வகையைப் பொறுத்துப் பெரும்பாலும் நாலு கிழமை வரை அறை வெப்பத்தில் தாங்கும், ஆனால் வன்னி வெயிலில் நிற்கிற வாகனத்துக்குள் தாங்காது. கப்பல் அறையில் இருக்கிற சின்ன பிரிட்ஜ் பானம் குளிர வைக்கிற அளவுக்குத்தான், அதை நம்ப வேண்டாம். முன்பதிவின்போதே மருந்துக்கான பிரிட்ஜும், ஊசி போடுகிற பெட்டியும் கேட்டு எழுத்தில் உறுதி எடுங்கோ. சிங்கப்பூர் நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் முந்தி, அப்பாவின் ஊசி நேரத்தை எப்படி நகர்த்துவது என்று கிளினிக்கிலேயே கேளுங்கோ. கரையில் இறங்கும்போது அப்பாவின் சட்டைப் பையில் குளுக்கோஸ் அல்லது இனிப்பு இருக்க வேணும்.

கப்பலில் வைத்தியர் இருப்பார், ஆனால் ஒவ்வொரு பார்வைக்கும் காசு, அதுவும் டொலரில். காப்புறுதி எடுக்கும்போது மூன்று விஷயம் பாருங்கோ: வயதெல்லை, ஏற்கெனவே உள்ள வருத்தத்துக்குக் காப்பு உண்டா, கப்பலிலிருந்து கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற செலவு அடங்குமா. நீரிழிவை மறைத்து எடுத்தால் அந்தத் தாளுக்குப் பெறுமதி இல்லை.

வயிற்றுப்போக்கும் சத்தியும் கப்பலில் கெதியாகப் பரவும். வாசலில் கைக்குத் தெளிக்கிற திரவம் நோரோ வைரசுக்குச் சரியாக வேலை செய்யாது. சாப்பிட முதலும் கழிப்பறைக்குப் பிறகும் சவர்க்காரம் போட்டு 20 செக்கன் கழுவுவதுதான் பலன்.

கரைதுறை:
அக்கா, நன்றி, கடித விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. இன்னும் சில கேள்வி. அம்மா மரக்கறி மட்டும். விடியக் குளித்து விளக்கு வைக்காமல் சாப்பிடமாட்டா. அப்பாவுக்கு வெற்றிலை இல்லாமல் இருக்க ஏலாது, புகையிலையோடு.

பாலியாறு:
புகையிலையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது சட்டப் பிரச்சினை. மெல்லுகிற புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோகத் தடை, சொந்தப் பாவனைக்கென்றாலும் தடை. வீட்டிலேயே வையுங்கோ. ஒரு கிழமை புகையிலை இல்லாமல் இருக்க வேணும் என்று அப்பாவுக்கு இப்போதே சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வையுங்கோ. விமான நிலையத்தில் பையைத் திறந்த பிறகு சொல்வதில் பயனில்லை. வெறும் வெற்றிலை பாக்குக்குக்கூட கப்பலில் துப்ப இடமில்லை.

விளக்கு: நெருப்பு எதுவும் ஏலாது. எண்ணெய் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எல்லாம் பையிலேயே பிடிப்பார்கள். பற்றரி விளக்கும் சின்னப் படமும் கொண்டுபோகலாம். விபூதியைப் பெயர் அச்சடித்த கடைப் பொதியாகவே கொண்டுபோங்கோ, சீல் உடைக்காமல். வெள்ளைத் தூளைப் பொலித்தீனில் முடிந்து கொண்டுபோனால் வீண் விசாரணை. கேத்தல், ரைஸ் குக்கர், மின்னழுத்தி, சூடாகிற கம்பி எல்லாமே தடை. சுடுதண்ணி பஃபே மண்டபத்தில் எந்நேரமும் எடுக்கலாம், ஒரு பிளாஸ்க் போதும்.

சாப்பாடு: "மரக்கறி" என்று மட்டும் எழுதினால் முட்டையும் சீஸும் பாஸ்தாவும் வரும். "இந்திய மரக்கறி, முட்டையும் இல்லை" என்று பதிவின்போதே எழுதுங்கோ. முதல் இரவு சாப்பாட்டு மண்டபத்தில் தலைமைப் பரிமாறுநரைக் கண்டு கதையுங்கோ. அடுத்த நாளைக்கு வேண்டியதை முதல் நாள் இரவே சொன்னால் தனியாகச் சமைத்துத் தருவார்கள். சிங்கப்பூர்க் கப்பல்களில் இந்தியச் சமையல்காரர் இருப்பது வழமை. பஃபேயில் ஒரே கரண்டி பல தட்டுக்குப் போகும், அம்மா அதில் கவனம் என்றால் மண்டபத்தில் இருந்து சாப்பிடுவதுதான் சரி. வீட்டுச் சமையல் சாப்பாட்டை ஏற்றவிடமாட்டார்கள். கடையில் சீல் வைத்த பருத்தித்துறை வடை, பகோடா, சின்ன ஊறுகாய்ப் போத்தல் போன்றவற்றைப் பெரும்பாலான கம்பனிகள் விடும். கருவாடு வேண்டவே வேண்டாம். கப்பலில் எடுத்த பழத்தையோ சாப்பாட்டையோ துறையில் இறங்கும்போது கொண்டுபோகக்கூடாது.

ஏசிக் குளிர் எங்கட ஊர் ஆக்களுக்குப் பழக்கமில்லை. ஆளுக்கு ஒரு சுவெட்டர், காலுறை. ஈரத் தளத்தில் பாட்டாச் செருப்பு வழுக்கும், பின்னால் வார் பூட்டுகிற செருப்பு வாங்குங்கோ. விசேட இரவுக்கு உடுப்புப் பற்றி யோசிக்க வேண்டாம், சீலையும் வேட்டியும் தாராளம்.

இயந்திர அறை:
கடல் நிலை பற்றிக் கொஞ்சம். மலாக்கா நீரிணைக்கு ஒரு பக்கம் சுமாத்ரா, மறுபக்கம் மலாயாத் தீபகற்பம். சோளகமும் (தென்மேற்குப் பருவக்காற்று) வாடையும் (வடகிழக்குப் பருவக்காற்று) இரண்டு பக்கமும் தடுபடுவதால் அந்தப் பாதை வருஷம் முழுக்கப் பெரும்பாலும் அமைதி. முதல் பயணத்துக்கு நல்ல தெரிவு. புக்கெட் மட்டும் மேற்குக் கரை. சோளகக் காலத்தில், மே முதல் ஒக்டோபர் வரை, அங்கே அலை நேரே வந்து அடிக்கும். பெரிய கப்பலில் இரண்டு பக்கமும் தண்ணிக்குள் செட்டை நீட்டிப் பக்கவாட்டு உருட்டலைக் குறைப்பார்கள். முன்பின் ஆட்டத்தை அது குறைக்காது, அணியத்து அறை வேண்டாம் என்பதற்கு அதுவும் காரணம்.

கழிப்பறை வெற்றிடத்தால் இழுக்கிற முறை. கடதாசி தவிர வேறு எதையும், ஈரத்துடைப்பான், துணி, சாப்பாட்டு மிச்சம் எதையும் போடக்கூடாது. ஓர் அறையில் அடைத்தால் அந்தக் குழாயில் உள்ள பல அறைகளுக்கும் வேலை செய்யாது. தண்ணி பாவிக்கிற எங்கட பழக்கத்துக்குப் பல கப்பலில் வசதியில்லை. பிளாஸ்டிக் கோப்பை ஒன்று கொண்டுபோங்கோ, நிலத்தில் தண்ணி ஊற்றாமல் பாவிக்க அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முதலே சொல்லுங்கோ.

அறையில் அமெரிக்கத் தட்டைக் கால் பிளக்கும் ஐரோப்பிய உருண்டைக் கால் பிளக்கும்தான் அதிகம். எங்கட சதுரக் கால் பிளக் போகாது, மாற்றி கொண்டுபோங்கோ. மின்னெழுச்சித் தடுப்பு (சேர்ஜ் புரொடெக்டர்) உள்ள நீட்டு வயர் தடை.

வெளிக்கிட முதல் அவசரகாலப் பயிற்சி நடக்கும். ஏழு சின்ன ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் கொஸ்டா கொன்கோர்டியா சரிந்தபோது, அன்று ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகு விதியை மாற்றி, 2015 முதல் கப்பல் வெளிக்கிட முதல் அல்லது வெளிக்கிட்ட உடனே நடத்த வேணும் என்றாக்கினார்கள். வயது போனவர்கள் என்று விலக்கில்லை. உங்கள் கூடுமிடம் அறை அட்டையில் இருக்கும். அம்மாவோடு ஒரு தரம் படியால் அந்த இடம் வரை நடந்து பாருங்கோ, நெருப்பு நேரத்தில் லிஃப்ட் ஓடாது. படியால் ஏலாது என்றால் அதை முதல் நாளே வரவேற்பு மேசையில் பதியுங்கோ, உதவிக்கு ஆளை ஒதுக்குவார்கள்.

வெண்தாமரை:
தலைச்சுத்துக் குளிசை பற்றி ஒரு வரி. சின்னரிசின், புரோமெதசின் போன்றவற்றைச் சத்தி தொடங்கிய பிறகு போட்டால் பிடிக்காது, முன்கூட்டியே போட வேணும். ஆனால் 70 தாண்டியவர்களுக்கு மயக்கம், தடுமாற்றம் தரும், புரோஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சலம் அடைக்கவும் கூடும். அப்பாவுக்குக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். இன்சுலின் போட்டுவிட்டுச் சத்தி எடுத்தால் சீனி இறங்கும், உடனே குருதிச் சீனியைச் சோதித்துவிட்டுக் கப்பல் வைத்தியரிடம் போங்கோ.

கரைதுறை:
பத்துமலைக்குப் போக வேணும் என்று அம்மா கேட்கிறா. போர்ட் கிளாங்கிலிருந்து ஏலுமா?

பாலியாறு:
வீதியால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல், கோலாலம்பூர் நெரிசலில் இன்னும் கூடும். மேலே குகைக்கு 272 படி. அம்மா கீழே பெரிய முருகன் சிலையடியில் கும்பிட்டுவிட்டு, அடிவாரக் கோயில்களைப் பார்த்து வரலாம். அதற்குக் கப்பல் ஒழுங்கு செய்கிற சுற்றுலாவையே எடுங்கோ. அது பிந்தினால் கப்பல் காத்திருக்கும். தனி வாகனத்தில் போய்ப் பிந்தினால் காத்திருக்காது, அடுத்த துறைக்கு உங்கள் செலவில் போக வேணும். பினாங்கில் அந்தக் கவலை இல்லை. சுவெட்டன்ஹாம் துறை ஜோர்ஜ் டவுனுக்குள்ளேயே இருக்கிறது, லிட்டில் இந்தியா பக்கத்தில், இட்டலி சாப்பிட்டுவிட்டுக் கோயிலும் பார்த்து ஆறுதலாகத் திரும்பலாம்.

புக்கெட்டில் கப்பல் கரையில் கட்டுமா, பட்டோங் குடாவில் நங்கூரம் போடுமா என்று கேளுங்கோ. நங்கூரம் என்றால் சின்னப் படகில் மாறி ஏற வேணும். அலையில் படகு ஏறி இறங்குகிற நேரம் பார்த்துக் கால் வைக்க வேண்டும், அம்மாவின் முழங்காலுக்கு அது சரிவராது. அன்றைக்கு அவ கப்பலிலேயே ஓய்வெடுக்கட்டும். எல்லாரும் இறங்கின பிறகு கப்பல் வெறுமையாக, நல்ல அமைதியாக இருக்கும்.

நேரம் கவனம். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணித்தியாலம் பிந்தி. தொலைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறும், கப்பல் நேரம் மாறாமல் இருக்கலாம். கையில் கட்டுகிற மணிக்கூட்டைக் கப்பல் நேரத்தில் வையுங்கோ. "எல்லாரும் ஏற வேண்டிய நேரம்" புறப்படுகிற நேரத்துக்கு அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ முந்தி இருக்கும்.

குருமன்காடு:
காசு: கப்பலில் தாள் காசு ஓடாது, அறை அட்டையில் பதிவார்கள். ஏறும்போது கொடுக்கிற வங்கி அட்டையில் ஒரு தொகையை மறித்து வைப்பார்கள். டெபிட் அட்டை என்றால் உங்கள் சொந்தக் காசு பயணம் முடிந்தும் பல நாள் முடங்கிக் கிடக்கும். தங்கச்சியின் கிரெடிட் அட்டையைக் கொடுங்கோ. ஆளுக்கு ஒரு நாளைக்குச் சேவைக் கட்டணம் தானாகச் சேரும், 15 முதல் 20 டொலர் வரை, சீட்டு விலையில் அது அடங்கியதா என்று பாருங்கோ. சோடா, இணையம், தனி உணவகம் எல்லாம் வேறாக. ஒவ்வொரு இரவும் கணக்கைப் பார்த்தால் பிழையை அன்றே திருத்தலாம்.

தொலைபேசியைக் கப்பல் வெளிக்கிட முதல் "ஃப்ளைட் மோட்"டுக்கு மாற்றுங்கோ. நடுக்கடலில் கப்பலின் செய்மதி வலையமைப்பு தானாகப் பிடித்து ரோமிங் காசை உறிஞ்சும். அப்பாவின் தொலைபேசியில் நீங்களே மாற்றிக் கொடுங்கோ.

நெடுங்கேணி:
காங்கேசன்துறைக்கே கப்பல் வந்ததே, அங்கிருந்து ஏறலாமா?

குருமன்காடு:
2023 ஜூனில் வந்த எம்ப்ரஸ் என்கிற சொகுசுக் கப்பல் சென்னையில் பயணிகளை ஏற்றி, அம்பாந்தோட்டை, திருகோணமலை பார்த்துக் காங்கேசன்துறைக்கு வந்தது. அது அவர்கள் சுற்றிப் பார்க்க இறங்குகிற துறை. நாகபட்டினத்துக்கு அதே ஆண்டு ஒக்டோபரில் தொடங்கியது வேகப் பயணிகள் படகு, இருக்கையில் இருந்து சில மணித்தியாலத்தில் போய்ச் சேர்வது. வாடை தொடங்கினால் நிறுத்திவிடுவார்கள். அம்மா அப்பாவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க அதை எடுக்க வேண்டாம். சின்னப் படகின் ஆட்டம் வேறு, பெரிய கப்பலின் ஆட்டம் வேறு.

பாலியாறு:
கடைசி இரவைப் பற்றி யாரும் எழுதவில்லை. பெட்டிகளை அன்று இரவே அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள், விடிய முனையத்தில்தான் திரும்பக் காண்பீர்கள். அடுத்த நாள் உடுப்பு, செருப்பு, பாஸ்போர்ட், மருந்து, பிரிட்ஜில் உள்ள இன்சுலின் இவற்றைத் தனியாக எடுத்து வைத்த பிறகே பெட்டியைப் பூட்டுங்கோ. சில கம்பனிகள் பாஸ்போர்ட்டை ஏறும்போதே வாங்கி வைத்திருக்கும், எப்போது, எந்தத் தளத்தில் திருப்பித் தருவார்கள் என்று முதல் நாளே கேட்டு வையுங்கோ. பெட்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு முதலில் இறங்குகிற வரிசையில் அம்மாவை நிற்க வைக்க வேண்டாம். சக்கர நாற்காலி உதவியை முதல் நாளே பதிந்தால் முனைய வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். பயண நாட்களில் பாவிக்க நாற்காலி தரமாட்டார்கள், தேவையென்றால் மடக்குகிற நாற்காலி ஒன்றைச் சொந்தமாகக் கொண்டுபோக வேணும். கொழும்பு விமானத்தைப் பின்னேரத்துக்கு எடுங்கோ.

கரைதுறை:
தங்கச்சிக்கு இந்த இழையை அனுப்பிவிட்டேன். பினாங், போர்ட் கிளாங் அடுத்தடுத்து வருகிற வேறொரு கப்பல் பார்த்திருக்கிறாள். மாற்றுத்திறனாளர் அறை இரண்டு மிச்சம் இருக்கிறதாம், படிவம் கேட்டு எழுதியிருக்கிறாள். அப்பாவின் பாஸ்போர்ட்டுக்கு ஐந்து மாதம்தான் மிச்சம், திங்கள் வவுனியா போகிறோம்.

குருமன்காடு:
பழைய பாஸ்போர்ட், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மூன்றின் மூலப்பிரதியும் நகலும் கொண்டுபோங்கோ. புதிய இலக்கம் கைக்கு வரும் வரை கப்பலுக்கோ மின்விசாவுக்கோ பழைய இலக்கத்தைக் கொடுக்க வேண்டாம்.